கறிவேப்பிலையின் பெயரும் நான் போடாமல் விட்ட ஒரு மார்க்கும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. கைவேலையை முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். "டீச்சர் ரிடையர் ஆனாலும் பாடம் நடத்துறத விடல" என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தாள். இப்போது அவளும் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். "டீச்சர், கறிவேப்பிலைன்னா முர்ராயா கோயனிகின்னு நீங்க சொல்லிக்கொடுத்தீங்க. நானும் அதையேதான் சொல்லித் தரேன். இப்ப ஒரு பொண்ணு நெட்டுல பாத்துட்டு வந்து பெர்கெரா கோயனிகின்னு எழுதியிருக்கா. எதுக்கு மார்க் போடறது? அப்ப நாம படிச்சது தப்பா டீச்சர்?"

இரண்டுக்கும் போடு என்று உடனே பதில் அனுப்பிவிட்டேன். ஆனால் ஏன் இரண்டுக்கும் என்பதை ஒரு வரியில் சொல்ல முடியவில்லை. உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். தரங்கம்பாடி, சுவீடன், எழும்பூர் மியூசியம் என்று எங்கெங்கோ போய்க் கடைசியில் என் வகுப்பறையிலேயே வந்து நின்றது. அங்கே நான் செய்த ஒரு தவறும் இருக்கிறது. அதையும் இன்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தப் பெயரைப் பாருங்கள். "கோயனிகி" என்பது ஓர் ஆளின் பெயர். யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்ற மருத்துவர். பால்டிக் பகுதியில் பிறந்தவர். சுவீடன் நாட்டு உப்சாலாவில் பேராசிரியர் கரோலஸ் லின்னேயஸிடம் படித்தவர். 1768-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். அங்கே 1620 முதல் டேனிஷ்காரர்களின் கோட்டை இருந்தது, 1706 முதல் அவர்களுடைய கிறித்தவ சபைப் பணியும் இருந்தது. அந்த சபைக்கு வைத்தியராக வந்த கோனிக்குக்கு வைத்தியத்தைவிடச் செடிகள் மேல்தான் ஆசை. பிறகு 1774-ல் ஆற்காடு நவாபிடம் இயற்கை ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்தார். 1778 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சம்பளம். 1785-ல் ஆந்திரக் கடலோரம் காக்கிநாடா அருகே இறந்தார். கடைசி நாட்களில் அவருக்கு வைத்தியம் பார்த்தவர், பிற்காலத்தில் இந்தியத் தாவரவியலில் பெரிய பெயரான வில்லியம் ராக்ஸ்பர்க்.

கோனிக் இங்கிருந்து செடிகளை அழுத்திக் காயவைத்துத் தன் ஆசிரியருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். அப்படிப் போனவற்றில் ஒன்று நம் கறிவேப்பிலை. 1771-ல் லின்னேயஸ் அதற்குப் பெர்கெரா கோயனிகி என்று பெயரிட்டார். மாணவனின் பெயரை ஆசிரியர் ஒரு செடியில் எழுதி வைத்தார். நம் வீட்டில் தினமும் தாளிக்கும்போது அந்தப் பெயரைத்தான் கிள்ளிப் போடுகிறோம்.

சரி, லின்னேயஸ் அப்படி என்ன செய்தார்?

அவருக்கு முன்பு ஐரோப்பாவில் ஒரு செடியின் பெயர் என்றால் அது ஒரு முழு வாக்கியம். இலை இப்படி, பூ இப்படி, தண்டு இப்படி என்று லத்தீனில் நீளும். ஒருவர் எழுதியது இன்னொருவருக்குப் பொருந்தாது. லின்னேயஸ் 1735-ல் பத்துப் பன்னிரண்டு பெரிய பக்கங்களில் ஒரு நூல் வெளியிட்டார். இயற்கை முழுவதையும் கல், செடி, விலங்கு என்று மூன்று உலகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வகுப்பு, வரிசை, பேரினம், சிற்றினம் என்று அடுக்கினார். பிறகு 1753-ல் ஏறக்குறைய 6000 செடிகளுக்கும், 1758-ல் விலங்குகளுக்கும் இரண்டே சொல்லில் பெயர் வைத்தார். இருசொற்பெயரிடு முறை என்று ஏழாம் எட்டாம் வகுப்பில் உங்களை மனப்பாடம் செய்யச் சொன்னேனே, அதுதான்.

வகுப்பில் நான் சொன்ன உதாரணம் சிலருக்கு ஞாபகம் இருக்கும். தபால்காரர் கடிதத்தை எப்படிச் சேர்க்கிறார்? நாடு, மாநிலம், மாவட்டம், ஊர், தெரு, கதவு எண். பெரிய பெட்டிக்குள் சின்ன பெட்டி, அதற்குள் இன்னும் சின்ன பெட்டி. உயிர்களின் முகவரியும் அப்படித்தான். நம் ஊருக்குச் சோறு போடும் பட்டுப்பூச்சியின் முகவரியைக் கரும்பலகையில் இப்படி எழுதுவேன்:

உலகம்: விலங்குலகம்
தொகுதி: கணுக்காலிகள் (ஆர்த்ரோபோடா)
வகுப்பு: பூச்சிகள் (இன்செக்டா)
வரிசை: செதில் சிறகு உடையவை (லெபிடாப்டெரா)
குடும்பம்: பாம்பிசிடே
பேரினம்: பாம்பிக்ஸ்
சிற்றினம்: பாம்பிக்ஸ் மோரி

"மோரி" என்றால் முசுக்கொட்டையைச் சேர்ந்தது. முசுக்கொட்டைச் செடியின் பேரினம் மோரஸ். சாப்பாட்டை வைத்துப் பிள்ளைக்குப் பெயர் வைத்திருக்கிறார் லின்னேயஸ்.

இந்த ஏழு படிகளும் ஒரே நாளில் வந்தவை அல்ல. லின்னேயஸிடம் இருந்தவை ஐந்துதான். குடும்பம் என்ற எண்ணத்தை அவருக்கு முன்பே, 1689-ல், பிரான்சில் பியர் மாஞோல் என்பவர் செடிகளுக்குக் கொண்டுவந்திருந்தார். ஆனால் அது நிலைபெற்றது பிற்பாடுதான். தொகுதி என்ற படியை 1866-ல் ஜெர்மனியின் ஹெக்கல் சேர்த்தார். உலகத்துக்கும் மேலே டொமைன் என்று ஒரு படியை 1990-ல் கார்ல் வோஸ் என்பவரும் அவருடைய தோழர்களும் வைத்தார்கள். அப்போது நான் வேலைக்கு வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. ஆக, நாம் மனப்பாடம் செய்த ஏழு என்ற கணக்கு இயற்கை கொடுத்தது அல்ல. மனிதர்கள் தேவைக்கு ஏற்ப அலமாரியில் தட்டு செருகியிருக்கிறார்கள்.

"வெள்ளைக்காரன் வந்துதான் நமக்கு வகைப்படுத்தக் கற்றுக்கொடுத்தானா?" என்று நம் சொந்தக்காரர்கள் சிலர் கேட்பது காதில் விழுகிறது. இல்லை. தொல்காப்பியத்தில் பொருளதிகாரத்தின் கடைசி இயல் மரபியல். உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அங்கே அடுக்கியிருக்கிறார்கள். தொடு உணர்வு மட்டும் உள்ளவை புல்லும் மரமும். அதோடு சுவையும் சேர்ந்தால் நத்தை போன்றவை. மோப்பமும் சேர்ந்தால் கறையானும் எறும்பும். பார்வையும் சேர்ந்தால் நண்டும் தும்பியும். கேள்வியும் சேர்ந்தால் விலங்குகள். மனமும் சேர்ந்தால் மனிதர்.

அதே இயலில் என்னை மிகவும் ஆச்சரியப்படுத்தும் இன்னொரு இடம் உண்டு. வெளிப்பக்கம் வைரம் பாய்ந்ததைப் புல் என்றும், உள்ளே வைரம் பாய்ந்ததை மரம் என்றும் சொல்கிறது. பனை, தென்னை, கமுகு, மூங்கில் எல்லாம் புல். மாவும் வேம்பும் மரம். நம் தச்சர்களுக்கு இது கைப்பாடம். பனையை அறுத்தால் விளிம்பு கறுப்பாக இரும்பு போல இருக்கும், நடுப்பகுதி நாராக உதிரும். வேம்பை அறுத்தால் நடுவில்தான் வைரம். இங்கிலாந்தில் ஜான் ரே என்பவர் 1682-ல் ஒருவிதையிலை, இருவிதையிலை என்று செடிகளைப் பிரித்தார். பனையும் தென்னையும் மூங்கிலும் இன்று புல்லோடு சேர்ந்து ஒருவிதையிலைப் பக்கம்தான் நிற்கின்றன. அவர் பார்த்தது விதையை, நம்மவர்கள் பார்த்தது மரத்தின் வெட்டுமுகத்தை. இரண்டு வழியும் ஏறக்குறைய ஒரே கோட்டில் போய்ச் சேர்ந்தன.

அந்தப் பிரிவு இன்றும் நம் வாயில் இருக்கிறது. பனை ஓலை, தென்னை ஓலை என்கிறோம். மாவோலை என்று யாரும் சொல்வதில்லை, மாவிலைதான். புல் வகையின் உறுப்புக்கு ஒரு சொல், மர வகையின் உறுப்புக்கு வேறு சொல் என்று மரபியல் பிரித்துக் கொடுத்ததன் மிச்சம் அது. வாழைக்கும் மூங்கிலுக்கும் இலை என்கிறோமே என்று கேட்கும் புத்திசாலிகளுக்கு ஒரு சபாஷ். பேச்சு வழக்கு இலக்கணத்துக்கு முழுசாகக் கட்டுப்படாது.

ஆனால் ஒன்று. இதை வைத்து "எல்லாம் நம் முன்னோர் அன்றே சொன்னார்கள்" என்று ஃபார்வர்டு அனுப்பாதீர்கள். எறும்புக்குப் பார்வை இல்லை என்கிறது அந்த அடுக்கு. பெரும்பாலான எறும்புகளுக்குக் கண் உண்டு என்று இன்று தெரியும். கண்ணால் பார்த்து, யோசித்து, ஓர் ஒழுங்கு கண்டார்கள் என்பதே போதுமான பெருமை. பிழை இருப்பதால் அந்தப் பெருமை குறைந்துவிடாது.

லின்னேயஸிடமும் பிழை உண்டு. 1735-ல் திமிங்கலத்தை மீன்களோடு வைத்திருந்தார். 1758-ல் பாலூட்டிகளுக்கு மாற்றினார். தன் அலமாரியைத் தானே கலைத்து அடுக்கினார். புழுக்கள் என்று ஒரு வகுப்பு வைத்து, வேறு எங்கும் பொருந்தாத நத்தை, நட்சத்திரமீன், மண்புழு எல்லாவற்றையும் அதில் போட்டார். பின்னால் வந்தவர்கள் அதைப் பிரித்துப் பிரித்துப் பல தொகுதிகள் ஆக்கினார்கள். நம் வேம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 1753-ல் லின்னேயஸ் அதை மீலியா பேரினத்தில் வைத்தார். 1830-ல் அட்ரியன் டி ஜூசியூ என்ற பிரெஞ்சுக்காரர் அதற்கெனத் தனிப் பேரினம் அமைத்து அசாடிராக்டா இண்டிகா என்றார். மரம் அதே மரம். நம் வாசலில் அதே நிழலைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தது.

எதை வைத்து மாற்றுகிறார்கள்? இங்கேதான் 1859 வருகிறது. சார்லஸ் டார்வினின் நூல் வந்த ஆண்டு. பெட்டிக்குள் பெட்டியாக உயிர்கள் ஏன் அமைகின்றன என்பதற்கு அவர் காரணம் சொன்னார். எல்லாம் ஒரு பழைய வேரிலிருந்து கிளைத்த வம்சம். பங்காளிகள் ஒரு பெட்டியில், தூரத்து உறவு அடுத்த பெட்டியில். அதற்குப் பிறகு வகைப்பாடு என்பது வம்சாவளி தேடும் வேலையாக மாறியது. முகச்சாடையை மட்டும் பார்த்து உறவு சொன்னால் சில சமயம் ஏமாந்து போவோம் இல்லையா? டி.என்.ஏ. வந்தபின் அந்த ஏமாற்றங்கள் பல திருத்தப்பட்டன. பூக்கும் தாவரங்களுக்கு 1998-ல் உலக அறிஞர்கள் பலர் சேர்ந்து மரபணு ஆய்வின் அடிப்படையில் புது அடுக்கு ஒன்று வெளியிட்டார்கள்.

கறிவேப்பிலைக்கு நடந்ததும் இதுதான். லின்னேயஸ் வைத்த பெர்கெராவை, 1825-ல் ஸ்ப்ரெங்கல் என்ற ஜெர்மானியர் முர்ராயா பேரினத்தோடு சேர்த்துவிட்டார். நாம் படித்தது அந்தப் பெயர். அண்மைக் காலத்தில் மரபணுவையும் செடியிலுள்ள வேதிப்பொருள்களையும் பார்த்தபோது, முர்ராயாவின் மற்றச் செடிகளுக்கும் கறிவேப்பிலைக்கும் நினைத்த அளவு நெருக்கம் இல்லை என்று தெரிந்தது. பிரித்தார்கள். பிரித்தால் என்ன பெயர் வைப்பது? முதலில் யார் வைத்தாரோ அந்தப் பெயருக்கே உரிமை என்பது விதி. ஆக 1771-ன் பெயர் திரும்பி வந்துவிட்டது. அந்தப் பெண் நெட்டில் பார்த்து எழுதியது புதுப் பெயர் அல்ல, பழைய பெயர். இரண்டிலும் மாறாமல் நிற்பது கோனிக்கின் பெயர்.

இன்னொரு சுவாரசியம். நம் மக்கள் இதற்குக் கறிவேம்பு என்று ஏன் பெயர் வைத்தார்கள்? இலை அமைப்பு வேம்பு மாதிரி. மலைவேம்பு, நிலவேம்பு என்றும் வைத்திருக்கிறோம். வேம்பு என்பது பேரினம் மாதிரி, முன்னால் வருவது சிற்றினம் மாதிரி. நாமும் இரண்டு சொல்லில்தான் பெயர் வைத்திருக்கிறோம். இதில் மலைவேம்பு உண்மையாகவே வேம்பின் குடும்பம். நிலவேம்பு கசப்பை மட்டும் வைத்து வந்த பெயர், அது எங்கோ தூரத்துச் செடி. கறிவேப்பிலையோ எலுமிச்சைக் குடும்பம். நம்பாதவர்கள் ஒரு கறிவேப்பிலையையும் ஓர் எலுமிச்சை இலையையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். இரண்டிலும் ஊசிமுனை அளவு எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும். வில்வ இலையிலும் தெரியும், அதுவும் அந்தக் குடும்பம்தான்.

ஆனால் ஒரு படி மேலே ஏறி, வரிசை என்ற தட்டுக்குப் போங்கள். வேம்பின் குடும்பமும் எலுமிச்சைக் குடும்பமும் ஒரே வரிசையில் இருக்கின்றன. பெயர் சப்பிண்டேல்ஸ். மாமரத்தின் குடும்பமும் அதே வரிசை. பெந்தம், ஹூக்கர் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் 1862 முதல் 1883 வரை எழுதிய பெரிய நூலில் மா ஒரு வரிசையிலும், வேம்பும் எலுமிச்சையும் வேறு வரிசையிலும் இருந்தன. இப்போது மூன்றும் ஒன்றாகிவிட்டன. சித்திரை ஒன்றாம் தேதி மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூவை வறுத்துப் போட்டு, கறிவேப்பிலை தாளிக்கிறோமே, ஒரே வாணலியில் அண்ணன் தம்பிகள் மூவர்!

மாமரம் என்றதும் நம் ஏகாம்பரநாதர் கோயில் தலவிருட்சம் ஞாபகம் வரும். நான்கு கிளையில் நான்கு சுவைக் கனி என்பது ஐதீகம். வகைப்பாட்டுக் கணக்கில் நான்கு சுவையானாலும் நாற்பது சுவையானாலும் சிற்றினம் ஒன்றுதான், மாஞ்சிஃபெரா இண்டிகா. பங்கனப்பள்ளி, மல்கோவா, நீலம், ருமானி எல்லாம் அந்த ஒன்றின் உள்ளே இருக்கும் ரகங்கள். மாஞ்சிஃபெரா என்ற லத்தீன் பெயருக்குள் ஒளிந்திருப்பது, போர்ச்சுகீசியர் வழியாகப் போன நம் மாங்காய்தான்.

இவ்வளவு நேரம் மகிழ்ச்சியாகப் பேசினேன். இனி சொல்லப்போவது அப்படி அல்ல.

லின்னேயஸ் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். மனிதனையும் குரங்குகளோடு ஒரே வரிசையில் வைத்தார். அந்தக் காலத்தில் அது பெரிய அபசாரம். ஆனால் அங்கே நிற்காமல், மனிதனைக் கண்டத்தையும் தோல் நிறத்தையும் வைத்து நான்காகப் பிரித்தார். 1758 பதிப்பில் ஒவ்வொரு பிரிவுக்கும் குணமும் எழுதினார். ஐரோப்பியர் சட்டத்தால் ஆளப்படுபவர், புத்தி கூர்மையானவர். ஆசியர் பேராசைக்காரர், வெறும் அபிப்பிராயங்களால் ஆளப்படுபவர். ஆப்பிரிக்கருக்கு எழுதியதை நான் இங்கே எழுத விரும்பவில்லை. இலையையும் பூவையும் எண்ணி எண்ணிப் பார்த்த அதே மனிதர், ஒரு முறைகூட வந்து பார்க்காத மக்களுக்கு மார்க் போட்டார். செடி அலமாரியில் தட்டு என்பது உறவைச் சொல்லும். மனிதர்களிடம் வந்ததும் அது உயரத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டது.

அது சுவீடனோடு முடியவில்லை, நம் சென்னைக்கும் வந்தது. உங்களில் பலரை நான் எழும்பூர் மியூசியத்துக்கு அழைத்துப் போயிருக்கிறேன். செத்த காலேஜ் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதே இடம். திமிங்கல எலும்புக்கூட்டின் கீழ் நின்று வாய் பிளந்தீர்கள். அந்த அருங்காட்சியகத்துக்கு 1885 முதல் 1908 வரை தலைவராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். முத்துக்குளிப்பு, சங்குகுளிப்பு, மன்னார் வளைகுடாவின் கடல் உயிர்கள் என்று நல்ல வேலைகள் செய்தவர். அதே கையில் அளவுகோல் எடுத்து நம் மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார், மியூசியத்தைப் பார்க்க வந்தவர்கள் உட்பட. மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து ஓர் எண். 1909-ல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ரிஸ்லியோ, மூக்கு எவ்வளவு அகலமோ சமூகத்தில் அவ்வளவு தாழ்வு என்றே வாதிட்டார். அந்தக் கணக்கெடுப்பில் சாதிகளைச் சமூக மதிப்பின்படி மேலிருந்து கீழாக அடுக்கச் செய்தார். நாடு முழுக்கச் சாதிச் சங்கங்கள் மனு மேல் மனு போட்டன. இந்த அடுக்கே வேண்டாம் என்று கேட்டவை குறைவு. தங்களை இன்னும் இரண்டு படி மேலே ஏற்றச் சொல்லிக் கேட்டவைதான் அதிகம்.

அறிவியல் பிற்பாடு இதற்குப் பதில் சொன்னது. 1972-ல் ரிச்சர்ட் லெவோன்டின் என்ற மரபியல் அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். மனிதர்களுக்குள் உள்ள மரபணு வேறுபாட்டில் 85 விழுக்காடு அளவு ஒரே மக்கள்கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒரே தெருவில் இருக்கும் இருவருக்குள் அவ்வளவு வேறுபாடு. மனிதன் ஒரே சிற்றினம், அதற்குக் கீழே அலமாரியில் தட்டு கிடையாது.

லின்னேயஸையும் தர்ஸ்டனையும் குறை சொல்லிவிட்டு நான் மட்டும் தப்பித்துக்கொண்டால் நியாயம் இல்லை. இப்போது என் கதை.

நான் வேலைக்கு வந்த புதிது. பயிற்சிப் பள்ளிப் பட்டயமும் நிறைய கண்டிப்பும் மட்டும் கையில் இருந்தன. பிள்ளைகளை மார்க்கு வரிசையில் உட்கார வைப்பேன். முதல் மார்க் முதல் பெஞ்சு. கடைசி பெஞ்சில் ஒரு பையன். வீட்டில் தறி. காலையில் அப்பாவுக்கு உதவியாகத் தறியில் உட்கார்ந்துவிட்டு, கண்ணில் தூக்கத்தோடு வருவான்.

ஒரு தேர்வில், புழுக்களுக்கு மூன்று உதாரணம் கேட்டிருந்தேன். முதல் பெஞ்சில் ஒரு பிள்ளை மண்புழு, நாடாப்புழு, பட்டுப்புழு என்று எழுத, மூன்றுக்கும் டிக் போட்டேன். எனக்கே அப்போது தெரியாது. பெயரிலேயே புழு இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். விடைத்தாளை வகுப்பில் படித்துக் காட்டியபோது கடைசி பெஞ்சிலிருந்து இந்தப் பையன் எழுந்தான்.

"டீச்சர், பட்டுப்புழு புழு இல்ல டீச்சர். பூச்சி. ஓசூர் பக்கம் எங்க பெரியம்மா வீட்டுல தட்டுல வச்சி வளக்கறாங்க. சந்திரிகைல கூடு கட்டும். விட்டுட்டா ரெக்கையோட வெளிய வரும். நான் பாத்திருக்கேன்."

"உன் மார்க்க மொதல்ல பாத்துக்கோ. உக்காரு" என்றேன்.

வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அவன் என் வகுப்பில் எழுந்து பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை. எட்டாவதோடு நின்றுவிட்டான், தறிக்குப் போய்விட்டான். நான் சொன்ன ஒரு வார்த்தையால்தான் நின்றான் என்று சொல்ல மாட்டேன், வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கஷ்டத்தோடு என் வார்த்தையும் சேர்ந்தது.

சில வருடம் கழித்து ஒரு பணியிடைப் பயிற்சி. பயிற்சி கொடுத்தவர் பட்டுப்பூச்சியின் முகவரியைப் பலகையில் எழுதினார். கணுக்காலிகள், பூச்சிகள், செதில் சிறகு. மேலே சொன்னேனே, உங்களுக்கு நான் எழுதிய அந்தப் பட்டியல் அன்று நான் குறித்துக்கொண்டு வந்ததுதான். எழுதும்போதே எனக்கு முகம் சுட்டது. நாம் புழு என்பது அதன் இளம் பருவம் மட்டுமே. அந்தப் பையன் கண்ணால் பார்த்துச் சொன்னதைத்தான் புத்தகம் சொன்னது. நானோ பெயரைப் பார்த்து வகைப்படுத்தினேன், அதோடு அவன் உட்கார்ந்த இடத்தைப் பார்த்து அவனையும் வகைப்படுத்தினேன்.

அடுத்த வருடத்திலிருந்து மார்க்கு வரிசையில் உட்கார வைப்பதை விட்டுவிட்டேன். வாரா வாரம் பெஞ்சு மாறுவது அப்படித்தான் வந்தது. "ஏன் டீச்சர் மாத்தறீங்க?" என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

அவனை ஒரு முறை பார்த்தேன். வைகாசி கருடசேவை, வரதராஜர் கோயில் பக்கம் நல்ல கூட்டம். தோளில் ஒரு குழந்தை. "வணக்கம் டீச்சர், நல்லா இருக்கீங்களா?" என்றான். தறி வேலைதான், கோர்வை போட்ட புடவை நெய்கிறேன் என்றான். கோர்வை என்றால் தெரியுமே, உடலையும் கரையையும் தனித்தனி ஊடையால் நெய்து இழை இழையாகக் கோப்பது. இரண்டு பேர் கைவேலை, கண் பிசகக் கூடாது. சொல்ல வேண்டியது என் வாய் வரை வந்தது. கூட்டம் தள்ளியது. குழந்தையின் கன்னத்தைத் தடவிவிட்டு வந்துவிட்டேன். கூட்டத்தின் மேல் பழி போடுவது சுலபம். உண்மையில் எனக்குக் கூச்சம். டீச்சர் தப்பு என்று டீச்சரே சொல்வதா என்ற கூச்சம்.

இந்தப் பதிவு உன் கண்ணில் பட்டால், தம்பி, நீ சொன்னதுதான் சரி. அன்று தவறாக டிக் போட்டதும் நான்தான், உன்னை உட்கார வைத்ததும் நான்தான். உனக்கு ஒரு மார்க் பாக்கி இருக்கிறது. உன் பிள்ளைக்கு இதைப் படித்துக் காட்டு.

இன்னொரு விஷயமும் உன்னைப் போன்றவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும், இருந்தாலும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டு என்று நாம் பொதுவாகச் சொல்வதிலும் இரண்டு குடும்பம் இருக்கிறது. நம் காஞ்சிபுரத்துப் பாவுக்கும் ஊடைக்கும் வரும் முசுக்கொட்டைப் பட்டு பாம்பிசிடே. வடக்கே டசர், அசாமில் எரி, முகா, இந்த மூன்றும் சட்டர்னிடே என்ற வேறு குடும்பத்துப் பூச்சிகள் கட்டும் கூடு. கடையில் எல்லாம் பட்டுதான். வியாபாரத்துக்கு ஒரு வகைப்பாடு, வம்சத்துக்கு வேறு வகைப்பாடு. எந்த வேலைக்கு எது என்று தெரிந்து பயன்படுத்தினால் இரண்டும் சரிதான்.

கேள்வி கேட்ட என் மாணவிக்கு: இரண்டு பெயருக்கும் மார்க் போடு. பிறகு அந்தப் பெண்ணை எழுப்பி, அந்தப் பெயரை எங்கே பார்த்தாள், ஏன் மாறியதென்று நினைக்கிறாள் என்று கேள். அவள் சொல்லி முடிக்கும்வரை உட்காரச் சொல்லாதே. அவள் சொல்வது உனக்குத் தெரியாததாக இருந்தால், தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்று வகுப்பின் முன்னாலேயே சொல். எனக்கு அதைச் சொல்ல வரவில்லை. உனக்கு வர வேண்டும்.

மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் ஊரில் வேம்பு என்று முடியும் செடிகள் வேறு என்னென்ன இருக்கின்றன? பெரியவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். எது உண்மையில் வேம்பின் குடும்பம், எது கசப்பால் வந்த பெயர் என்று சேர்ந்து பார்ப்போம். பேரப்பிள்ளைகளிடம் கறிவேப்பிலையையும் எலுமிச்சை இலையையும் கொடுத்து வெளிச்சத்தில் பிடிக்கச் சொல்ல மறக்காதீர்கள்.

எல்லோரும் நன்றாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
காஞ்சிபுரம்